அரை விநாடியில் பிடிபட்ட கள்ளச்சாவி

2024-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. கொடைக்கானல் மலை அடிவாரம். கெங்குவார்பட்டியைச் சுற்றியுள்ள தோப்புகளில் மாங்காய் திரண்டு கொண்டிருந்தது. காய் திரண்டால் தோப்புக்குக் காவல் போடுவார்கள். காவல்காரருக்குச் சம்பளம் உண்டு.

அதே நாட்களில், உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு கள்ளச்சாவி தயாராகி விட்டது! வங்கியானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, சர்க்கார் ஆபீசானாலும் சரி, இன்னும் சில மாதங்கள் போயிருந்தால் பல இடங்களில் அந்தச் சாவி பொருந்தியிருக்கும். சாவி செய்தவன் அவசரப்படவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக நடித்து, வீட்டுக்காரரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அதைச் செய்தான்.

அந்த வீட்டுக்குக் காவல்காரர் ஒரே ஒருவர். அவருக்குச் சம்பளம் கிடையாது.

கடைசியில் சாவி பிடிபட்டது. பிடித்தவர் போலீஸ் அதிகாரியா? இல்லை. துப்பறியும் நிபுணரா? அதுவும் இல்லை. "வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே, ஏன்?" என்று யோசித்த ஒரு மனிதர்!

அப்பாவின் கேள்வி

இந்தக் கதையை இப்போது எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி 'விண்டோஸ் 10' சாப்ட்வேருக்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஓர் ஆண்டுக்கு வாங்கிக்கொள்ள, தனியாகப் பதிவு செய்து கொண்டவர்களுக்கு மட்டும் வழி விட்டது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பியது. காலேஜில் படிக்கும் பிள்ளை சொல்கிறது: "அப்பா, புதுசு வாங்க வேண்டாம். இதிலேயே லினக்ஸ் போட்டுக்கலாம். காசே கிடையாது."

அப்பா கேட்கிறார்: "காசு கிடையாதுன்னா, அது பத்திரமா?"

நியாயமான கேள்வி. இலவசமாகக் கிடைப்பதைச் சந்தேகிப்பது நம் ஊர்ப் பெரியவர்களின் பழக்கம். நல்ல பழக்கந்தான்.

ஆனால் அப்பாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அவர் சட்டைப் பையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்கு அடிப்படையே லினக்ஸ்தான்! அந்தப் போனில் அவர் பார்க்கும் படமும், அனுப்பும் பணமும் எங்கெங்கோ உள்ள பெரிய கம்ப்யூட்டர்கள் வழியாகப் போகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை லினக்சில் ஓடுபவை.

இன்னொன்று. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் மாணவ மாணவிகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற லினக்ஸ் வகையும் போடப்பட்டிருந்தது. மத்திய சர்க்காரின் 'சி-டாக்' நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. பல பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் முடித்துக் கல்யாணமாகிப் போன பெண்கள் வீட்டில், பரண் மேல் அந்த லேப்டாப்புகள் இன்றும் கிடக்கும்.

ஆக, லினக்ஸ் நமக்குப் புது விருந்தாளி அல்ல. நம் வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பதுதான்.

சமையல் குறிப்பு ஒளிவு மறைவா?

சாப்ட்வேர் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவுகளின் தொகுப்பு. 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று வரி வரியாக எழுதியிருப்பார்கள். ஒரு சமையல் குறிப்பு மாதிரி.

சில கம்பெனிகள் பலகாரத்தை விற்கும். குறிப்பைக் காட்டாது. விண்டோஸ் அந்த ரகம்.

வேறு சிலர் குறிப்பையே ஊருக்குக் கொடுத்து விடுகிறார்கள். 'படித்துப் பார். உப்பு அதிகம் என்றால் குறைத்துக்கொள். திருத்தியதைப் பிறருக்கும் கொடு' என்கிறார்கள். இதைத் 'திறந்த மூல சாப்ட்வேர்' என்று சொல்வார்கள். லினக்ஸ் இந்த ரகம்.

கெங்குவார்பட்டிக்குப் பக்கத்தில், தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே மூடிய கதவுக்குத்தான் பூஜை. கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பக்தர் யாரும் கேட்பதில்லை. அது பக்தி. ஆனால் நம் பணத்தையும் பத்திரத்தையும் வைத்திருக்கும் இயந்திரத்திடம் அப்படிக் கைகூப்பி நிற்க முடியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது ஒருவர் பார்க்க முடிய வேண்டும். திறந்த மூலக்காரர்களின் வாதம் இதுதான்.

லினக்சைத் தொடங்கியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டுக்காரர். 1991-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். வயது 21. "பொழுதுபோக்காக ஒன்று செய்து கொண்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை" என்கிற தோரணையில்தான் அதை வெளியுலகுக்கு அறிவித்தார்! இன்று உலகின் அதிவேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலை எடுத்தால், அத்தனையும் லினக்ஸ்.

தமிழுக்கும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தை அடிக்கப் பலரும் படாதபாடு பட்ட காலத்தில், 'இ-கலப்பை' என்ற சாப்ட்வேரை இலவசமாகத் தந்தவர்கள் தமிழ் ஆர்வலர்கள்தான். யாரும் சம்பளம் கொடுத்து அவர்களை வேலைக்கு வைக்கவில்லை.

அப்படி ஒரு பொழுதுபோக்குக்காரர்தான் நம் கதையின் நாயகர். அவரும் பின்லாந்து நாட்டுக்காரரே. பெயர் லாசே காலின்.

பொதி கட்டும் புரோகிராம்

லாசே காலின் செய்தது ஒரு சின்ன புரோகிராம். பெயர் 'எக்ஸ்-இசட்'. என்ன வேலை செய்யும்? தேனிப் பக்கம் பஞ்சுப் பொதி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அறை நிறையக் கிடக்கும் பஞ்சை அமுக்கி, இறுக்கி, சின்னப் பொதியாக்கி விடுவார்கள். எக்ஸ்-இசட், கம்ப்யூட்டர் தகவலை அப்படி அமுக்கிக் கட்டும். வேண்டும்போது பிரித்துக் கொடுக்கும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும், லினக்ஸ் வகைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது சேர்ந்து விட்டது. பாஸ் லினக்சும் 'டெபியன்' என்ற பெரிய லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் குடும்பத்தில் பொதி கட்டுவது எக்ஸ்-இசட். பரண் மேல் கிடக்கும் லேப்டாப்பிலும் காலினின் கைவேலை இருக்கிறது என்று அர்த்தம்.

காலின் அதை ஏறத்தாழ தனி ஆளாகப் பராமரித்து வந்தார். பெரிய பெரிய கம்பெனிகள் அதை வைத்துத் தொழில் நடத்தின. அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

2021-ம் ஆண்டு 'ஜியா டான்' என்ற பெயரில் ஒரு ஆள் வந்தார். அந்த அக்டோபர் மாதம் முதன்முதலாக ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினார். திருத்தம் நன்றாக இருந்தது. பிறகு இன்னொன்று. அதுவும் நன்றாக இருந்தது. பணிவான ஆள். உழைப்பாளி.

2022-ம் ஆண்டு கோடைக்காலத்தில் வேறு சில பெயர்கள் முளைத்தன. அதில் ஒருவர் 'ஜிகர் குமார்'. நம் நாட்டுப் பெயர்! இன்னொருவர் 'டென்னிஸ் என்ஸ்'. இவர்கள் வேலை செய்யவில்லை. குறை சொன்னார்கள். "ஏன் இவ்வளவு தாமதம்? உங்களால் முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று நச்சரித்தார்கள்.

காலின் மனம் நொந்து பதில் எழுதினார். நெடுநாளாகத் தமக்கு மனநலப் பிரச்சினைகள் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். ஜியா டான் உதவி செய்து வருவதாகவும், அவருக்கு இனி பெரிய பொறுப்பு கிடைக்கலாம் என்றும் குறிப்பிட்டார்.

எப்படிப்பட்ட பொறி பாருங்கள்! ஒரு பக்கம் நாலு பேர் கரித்துக் கொட்டுகிறார்கள். மறுபக்கம் ஒருவர் அன்பாக, "நான் சுமந்து கொள்கிறேன்" என்கிறார். களைத்துப் போன மனிதர் யார் பக்கம் சாய்வார்? காலினை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த நிலையில் யாராக இருந்தாலும் சாவிக்கொத்தை நீட்டியிருப்பார்கள்.

ஜிகர் குமாரும் மற்றவர்களும் காரியம் முடிந்ததும் காணாமல் போனார்கள். அவர்கள் நிஜ ஆட்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் ஒரே கும்பலின் முகமூடிகள் என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள்.

அழுகல் கூடை

2023-ம் ஆண்டு தொடக்கத்தில் ஜியா டான் கையில் அதிகாரம் வந்தது. மார்ச் மாதம் முதல் அவரே புதிய பதிப்புகளை வெளியிட்டார்.

எக்ஸ்-இசட் போன்ற புரோகிராம்களில் கோளாறு இருக்கிறதா என்று தானாகவே தட்டிப் பார்க்கும் ஒரு சோதனை ஏற்பாட்டைக் கூகுள் நடத்துகிறது. கோளாறு தெரிந்தால் பொறுப்பாளருக்குத் தகவல் போகும். அந்தத் தகவல் தமக்கு வரும்படி ஜியா டான் மாற்றிக்கொண்டார். பிறகு அந்தச் சோதனையில் ஒரு பகுதியை நிறுத்தச் சொன்னார். காரணம் கேட்டால் தொழில்நுட்பக் காரணம் சொன்னார். நாயின் சங்கிலியைத் தன் கையில் வாங்கி, பிறகு அதன் வாயையும் கட்டியாகி விட்டது!

2024-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி 5.6.0 என்ற பதிப்பு வெளிவந்தது. மார்ச் 9-ந் தேதி 5.6.1. இரண்டிலும் விஷம் இருந்தது.

திறந்த மூலம் என்றால் எல்லோரும் பார்க்கலாமே, எப்படி மறைத்தார்கள் என்று கேட்பீர்கள்.

பொதி கட்டும் புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில மாதிரிப் பொதிகள் வைத்திருப்பார்கள். நல்ல பொதி சில. வேண்டுமென்றே கெடுத்த பொதி சில. மாம்பழ மண்டியில் ஒதுக்கி வைத்த அழுகல் கூடை மாதிரி. அழுகல் கூடையை யார் கிளறுவார்கள்? விஷத்தை அந்த மாதிரிப் பொதிகளுக்குள் ஒளித்து வைத்தார்கள்.

அதை எடுத்துச் சேர்க்க ஒரு உத்தரவு வேண்டுமே? அதைப் பொதுமக்கள் பார்க்கும் குறிப்பேட்டில் எழுதவில்லை. வெளியூருக்கு அனுப்பும் மூட்டையில் மட்டும் வைத்தார்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய பட்டியல் சரியாக இருக்கிறது, மூட்டையில் வேறு சரக்கு இருக்கிறது என்றால் எப்படி? அதே வேலை.

சேதம் என்ன? தூரத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய 'எஸ்.எஸ்.எச்.' என்று ஒரு வாசல் உண்டு. கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்காரர்கள் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போய் வருவார்கள். அந்த வாசலுக்கும் பொதி கட்டும் எக்ஸ்-இசட்டுக்கும் நேரடி உறவு கிடையாது. சில லினக்ஸ் வகைகளில் மட்டும், இடையில் இருக்கும் வேறொரு புரோகிராம் இரண்டையும் தொட்டுக் கொண்டிருந்தது. அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு விஷம் வாசல் வரை ஏறியது. சாவி வைத்திருப்பவன் வந்து நின்றால் கதவு திறக்கும். வேறு யாருக்கும் திறக்காது. அதனால் வெளியிலிருந்து தட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

எவ்வளவு சாமர்த்தியம்! இந்தச் சாமர்த்தியத்தை நல்ல காரியத்துக்குச் செலவிட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

0.3 ஏன் 0.8 ஆனது?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற ஜெர்மானியர் வேலை பார்த்து வந்தார். 'போஸ்ட்கிரஸ்' என்ற திறந்த மூல சாப்ட்வேரை மேம்படுத்துவது அவர் தொழில். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி எது தெரியுமா? மைக்ரோசாப்ட்! மூடிய கதவுக்குப் பேர்போன கம்பெனியின் ஊழியர்தான் திறந்த வீட்டுக் கள்ளச்சாவியைக் கண்டுபிடித்தார். வேடிக்கைதான்.

அவர் போஸ்ட்கிரசின் வேகத்தை அளந்து கொண்டிருந்தார். அளக்கும்போது கம்ப்யூட்டர் வேறு வேலை எதுவும் செய்யாமல் அமைதியாக இருக்க வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.எச். வாசல் பக்கம் மட்டும் ஏதோ உழைப்பு நடந்து கொண்டிருந்தது. யார் யாரோ தப்பான பெயர் சொல்லிக் கதவைத் தட்டுவது இணையத்தில் சகஜம். அவர்களை உடனே விரட்டி விடும். அதற்கு இவ்வளவு உழைப்பு எதற்கு?

அளந்து பார்த்தார். முன்பு 0.3 விநாடியில் முடிந்த வேலை இப்போது 0.8 விநாடி எடுத்தது. அரை விநாடி வித்தியாசம்!

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "கம்ப்யூட்டர் இன்னிக்கு மந்தமா இருக்கு" என்று சொல்லி டீ குடிக்கப் போயிருப்போம். பிராயிண்ட் போகவில்லை. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் வந்த விசித்திரமான எச்சரிக்கை ஒன்று அவருக்கு நினைவு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார். நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். நூல் அழுகல் கூடையில் போய் நின்றது.

மார்ச் 29-ந் தேதி, புனித வெள்ளியன்று, உலகத்துக்கு அறிவித்தார். அபாயத்துக்கு 10-க்கு எத்தனை மார்க் என்று போடும் வழக்கம் உண்டு. இதற்குப் போட்ட மார்க் 10!

விஷப் பதிப்பு அதற்குள் எங்கெல்லாம் போயிருந்தது? டெபியன், பெடோரா, ஓப்பன்சூசே முதலிய லினக்ஸ் குடும்பங்களின் சோதனை வகைகளிலும், எப்போதும் புதிதாக மாறிக்கொண்டே இருக்கும் வகைகளிலும் நுழைந்திருந்தது. டெபியனிலும் பெடோராவிலும் பொதுமக்களும் ஆபீஸ்களும் பயன்படுத்தும் நிலையான வகைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கு முன்பே பிடிபட்டு விட்டது. 'உபுண்டு' என்ற லினக்ஸ் வகையின் புதிய சோதனைப் பதிப்பைக்கூட ஒரு வாரம் தள்ளிப்போட்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். நம் இலவச லேப்டாப்புகளுக்கும் இதனால் கெடுதல் இல்லை. அவற்றில் இருப்பது பழைய பதிப்பு.

அப்படியானால் திறந்த வீடு ஆபத்தா?

அப்பா இப்போது சொல்வார்: "நான் அப்பவே சொல்லலை?"

கொஞ்சம் பொறுங்கள்.

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற விஷ புரோகிராம் உலகெங்கும் பரவியது. ஏறக்குறைய 150 நாடுகள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் வேலை ஸ்தம்பித்தது. நம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வயநாடு மாவட்டம் தரியோடு பஞ்சாயத்து ஆபீசின் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. 'பணம் கட்டினால் திறப்போம்' என்று திரையில் மிரட்டல்! அது தாக்கியது விண்டோசை. மூடிய கதவு. அந்த ஓட்டையை அமெரிக்க உளவுத் துறை தெரிந்து வைத்துக்கொண்டு, தன் காரியத்துக்காக வெளியே சொல்லாமல் இருந்தது. அவர்களிடமிருந்து அது திருடு போனது.

மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே வெளியிட்டு விட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள்.

திறந்த வீட்டிலும் முன்பு ஓட்டை இருந்ததுண்டு. 2014-ம் ஆண்டு ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் பணம் அனுப்பும்போது ரகசியத்தைக் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற சாப்ட்வேரில் இருந்தது அது. கெட்ட எண்ணத்தோடு வைத்தது அல்ல. கைப்பிழை. இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. எவரும் பார்க்கவில்லை. உலகத்தின் பணப்பெட்டிக்கே பூட்டாக இருந்த அந்த சாப்ட்வேருக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2 ஆயிரம் டாலர்தான். முழு நேரமும் கவனித்தவர் ஒரே ஒரு ஆள்!

ஆகவே, திறந்ததா மூடியதா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். திறந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வந்து பார்க்க ஆள் வேண்டுமே! பிராயிண்ட் பார்த்தார். அவரால் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அந்த வீடு திறந்திருந்தது. மூடிய சாப்ட்வேராக இருந்தால், 'மந்தமாக இருக்கிறது' என்று கம்பெனிக்குப் புகார் எழுதுவதோடு வெளியாள் நின்றிருக்க வேண்டியதுதான். என் மதிப்பில் இது திறந்த மூலத்துக்குப் பெரிய பெருமை. ஆனால் அந்தப் பெருமை ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தில் தொங்கிக் கொண்டிருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

காவல் கூலி யார் கொடுப்பது?

தமிழ்நாட்டில் இந்த இலவச சாப்ட்வேரை அரசாங்கமே ஆதரித்த வரலாறு உண்டு. 2006-ம் ஆண்டையொட்டி, சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 'எல்காட்' நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். 2014-ல் 'விண்டோஸ் எக்ஸ்பி'க்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்சுக்கு மாறும்படி சர்க்கார் இலாகாக்களுக்குக் கடிதம் போனது. கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் லினக்சிலேயே பாடம் நடத்துகின்றன.

இதனால் பணம் மிச்சம். சந்தோஷம். மிச்சமான பணத்தில் ஒரு பங்கு, அந்த சாப்ட்வேரைக் காக்கும் ஆளுக்குப் போனதா?

கண்மாய் மடையைக் காக்கிறவருக்கு அறுப்புக் காலத்தில் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். தண்ணீர் பாய்ந்த வயல்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். யாருக்கும் பாரம் இல்லை. மடைக்கு ஆள் இருக்கும். கம்ப்யூட்டர் உலகம் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டது. நெல் அளக்க மறந்து விட்டது.

சிலர் விழித்துக்கொண்டார்கள். ஜெர்மனி சர்க்கார் 2022-ல் இதற்கென்று தனி நிதி தொடங்கியது. நம் நாட்டில் பெங்களூரைச் சேர்ந்த 'ஜெரோதா' பங்குத் தரகு கம்பெனி, 2024 அக்டோபரில் ஒரு நிதியை அறிவித்தது. உலகில் எங்கிருந்தாலும் திறந்த மூல சாப்ட்வேர்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை தருவதாகச் சொன்னது. லாபம் சம்பாதித்த ஒரு கம்பெனி தானாக முன்வந்து மடைக்காரருக்கு நெல் அளந்திருக்கிறது. மற்றக் கம்பெனிகளும் சர்க்காரும் கணக்குப் பார்க்கட்டும்.

காசு மட்டும் போதுமா? போதாது. காலினுக்குத் தேவைப்பட்டது ஓய்வும், நம்பகமான துணை ஆளும். நம் காலேஜ்களில் கம்ப்யூட்டர் படித்து விட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வருகிறார்கள். ஆளுக்கு ஒரு சின்ன புரோகிராமைத் தத்து எடுத்துக்கொண்டு, பிழை பார்த்துக் கொடுத்தாலே பெரிய உபகாரம். அதற்குச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கெங்குவார்பட்டியில் உட்கார்ந்து பார்க்கலாம். குறிப்பேடு திறந்துதானே கிடக்கிறது!

வீட்டில் இருப்பவர்களுக்கு

காலினை மடக்கிய தந்திரம் என்ன? அவசரப்படுத்துதல். "இப்போதே செய், உடனே கொடு" என்று நாலு பக்கமும் நெருக்குதல். பிறகு அன்பாக ஒருவன் கை நீட்டுதல்.

இதே தந்திரம் தினமும் போனில் வருகிறது. "பேங்கிலிருந்து பேசுகிறோம், இன்றைக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்" என்கிறான் ஒருவன். "போலீஸ் பேசுகிறோம், வீடியோவை அணைக்காதே" என்கிறான் இன்னொருவன். கல்யாணப் பத்திரிகை, அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு 'ஏ.பி.கே.' கோப்பு வருகிறது. தொட்டால் போன் அவன் கைக்குப் போய்விடும். அவசரப்படுத்துகிறவன் யாராக இருந்தாலும் போனை வைத்து விடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு அதிகம்.

போனில் 'அப்டேட்' என்று வந்தால் தள்ளிப் போடாதீர்கள். போனின் செட்டிங்ஸ் பகுதியிலேயே போய்ப் போடுங்கள். யாரோ அனுப்பிய லிங்க்கில் போடாதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாமா என்று கேட்ட அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாகப் போடலாம். பெயர் பெற்ற வகையாக, நிலையான பதிப்பாகப் பார்த்து, அதன் சொந்த இணைய முகவரியிலிருந்தே எடுக்க வேண்டும். போட்ட பிறகு அதற்கும் அப்டேட் உண்டு. பிள்ளையிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜியா டான் யார்? ஒரு ஆளா, கும்பலா, ஏதாவது ஒரு நாட்டின் உளவுப் படையா? இதுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை. அவர் கம்ப்யூட்டர் காட்டிய மணி பெரும்பாலும் சீனப் பக்கத்து நேரம். சில சமயம் கிழக்கு ஐரோப்பா பக்கத்து நேரம். கடிகாரத்தைத் திருப்பி வைக்க யாராலும் முடியும் என்பதால், அதை வைத்து ஊரைச் சொல்வதற்கில்லை.

விஷயம் வெளிப்பட்டபின் லாசே காலின் திரும்பி வந்தார். ஜியா டான் தொட்ட இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். விஷம் நீக்கிய 5.6.2 பதிப்பு 2024-ம் ஆண்டு மே 29-ந் தேதி வெளிவந்தது. வெளியிட்டவர் காலினே.